ஓர்லி கடை வாசலில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

டொராண்டோவில் இறங்கிய மறுநாளே தயிர் கேட்டு அசடு வழிந்தேன். அதுவும் இறைச்சி, முட்டை, பால், தயிர், நெய், தேன் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் ஓர் இஸ்ரேலிய உணவகத்தில். என் பள்ளித்தோழி வசந்தி அங்கே தலைமைச் சமையல்காரி. "இஞ்ச பசுவிட்டைக் கேக்காம எடுத்த ஒண்டும் இல்லை. பேசாம உதைச் சாப்பிடு," என்று ஒரு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தட்டில் முழுக் காலிஃபிளவர் ஒன்று, மேலே கருகி, எள் விழுது வழிய உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சுட்ட கத்தரிக்காயும் கொண்டைக்கடலை அரைத்த ஹம்மஸும். கத்தரிக்காயை இதைவிட நன்றாக நானே சுடுவேன். ஹம்மஸிடம் மட்டும் தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நம் வீட்டுத் துவையலில் மிளகாய் ஒன்றே எல்லாவற்றையும் பேசிவிடுகிறது, கடலைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

வசந்தியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து வருடம் குடியிருந்தது. ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. பிறகு அவர்கள் கனடா போனார்கள். நான் நூலகராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இங்கே ஒரு நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களுக்கு அட்டவணை போட்டுத் தரும்படி மூன்று வாரத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். தங்கியது வசந்தி வீட்டில். டோர்செட் பார்க்கில் ஓர் உயரமான கட்டடத்தின் பதினொன்றாவது மாடி. அவளும் மகள் ஆரணியும் மட்டும்தான்.

கடைக்காரி ஓர்லியை அந்த முதல் நாளே பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவள், வெட்டிய தலைமுடி, ஏப்ரனில் மஞ்சள் கறை. ஹைஃபா பக்கம் ஒரு பால்பண்ணையில் பிறந்து வளர்ந்தவளாம். கன்றைப் பிரித்துக்கொண்டு போகும்போது பசு கத்துவதைக் கேட்டுக் கேட்டுப் பாலையே விட்டவள் என்று வசந்தி சொன்னாள். ஓர்லி என்னிடம் பேசியதெல்லாம் வசந்தியைப் பற்றித்தான். மெனு அட்டையை எடுத்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். 'வசந்தியின் பருப்பு' என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பருப்பில் தேங்காய்ப்பால் விட்டு, கொஞ்சம் சீரகமும் எலுமிச்சையும் சேர்த்தது. "இந்தக் கடையில் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். என் அம்மாவின் சமையலை யாரும் கேட்பதில்லை," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவ்வளவு நல்ல கடையில் மத்தியான நேரத்தில் ஏன் நாலு மேசைதான் நிரம்பியிருந்தது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். வசந்தி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். போர் தொடங்கிய வாரம் ஓர்லி தன் நாட்டில் செத்தவர்களுக்காகக் கடை வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். பிறகு காஸாவில் குண்டு விழுந்து ஆயிரமாயிரமாக ஆட்கள் சாகத் தொடங்கியபோது வாசலில் எதுவும் வைக்கவில்லை. யாரோ அந்த இரண்டு நேரத்து வாசலையும் படம் பிடித்து இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒன்றில் மெழுகுவர்த்தி, மற்றதில் வெறும் வாசல். கடைப் பெயரிலேயே 'இஸ்ரேலி' என்ற சொல்லும் இருந்தது. இந்த வசந்தம் தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிர் நடைபாதையில் ஆட்கள் பதாகையோடு நிற்கிறார்கள்.

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

"வெளியில நிக்கிற ஆக்கள் பிழை இல்லை. அவையின்ர ஆக்கள் சாகினம். ஓர்லியும் கெட்டவ இல்லை. எனக்கு ரெண்டு பக்கமும் விளங்குது, அதுதான் கரைச்சல்." பிறகு, "முப்பது வருசமா இந்த நாட்டில வேலை செய்யிறன். ஹோட்டல் கழுவினன், ஃபக்டரியில மீன் வெட்டினன். என்ர பேர் எழுதியிருக்கிற இடம் உது ஒண்டுதான். உதுவும் பூட்டினால் இந்த வயசில என்னை ஆர் சமைக்கக் குசினிக்குள்ள விடுவினம்?" என்றாள்.

ஆரணி வங்கியில் வேலை பார்க்கிறாள், இருபத்து நாலு வயது. அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. "அம்மா வேர்க் பண்றது அவவின்ர சொய்ஸ், அன்ரி. பட் நான் அங்க சாப்பிட மாட்டன்," என்று என்னிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அம்மா கொண்டுவந்த பருப்பை மட்டும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள்.

மூன்று நாட்கள் நூலகத்தில் தூசியோடு போயின. சனிக்கிழமை மத்தியானம் கடையில் சாப்பிட்டுவிட்டு வசந்தியோடு ஊர் சுற்றுவதாகத் திட்டம். ஆகவே தனியாக ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் வண்டியில் ஏறினேன். பாதி வழியில் வண்டி நின்றது. இத்தோடு திரும்பப் போகிறது, எல்லோரும் இறங்குங்கள் என்றார் ஓட்டுநர். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. திருச்சியில் இப்படிச் சொல்லியிருந்தால் கண்டக்டரின் ஏழு தலைமுறையும் ரோட்டுக்கு வந்திருக்கும், பஸ்ஸும் போயிருக்கும். இங்கே வரிசையாக இறங்கி, வரிசையாக அடுத்த வண்டிக்கு நின்றார்கள். எனக்கு முன்னால் இறங்கிய பெண் தன் தோழியிடம், "வாரம் ஒருமுறை இந்த வண்டிக்கு இப்படித்தான் மனசு மாறிவிடும்," என்று அலுத்துக்கொண்டாள். நான் நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தேன். கனடா என்றால் பனி என்று நம்பி வந்தவளுக்கு அன்றைக்கு நம்மூர்ச் சித்திரை வெயில் காத்திருந்தது.

எதிர் நடைபாதையில் முப்பது பேர் இருக்கும். கோஷம், பறை போல ஒரு மேளம், கையில் மெகாஃபோனோடு ஒரு பெண். கொஞ்சம் தள்ளி, மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர், வெள்ளைத் தொப்பி, முழுக்கைச் சட்டை. மடியில் ஓர் அட்டை. அதில் பொடி எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார். மெகாஃபோன் பெண் எனக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, "தயவுசெய்து உள்ளே போகாதீர்கள்," என்று கேட்டுக்கொண்டாள். என் தோழி உள்ளே சமையல் வேலை செய்கிறாள் என்றேன். "வேலை செய்கிறவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை," என்று வழிவிட்டாள்.

உள்ளே ஒரே ஒரு மேசையில் ஆட்கள். சனிக்கிழமைகளில் ஓர்லி வருவதில்லை. தான் வந்தால் சத்தம் கூடும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவாளாம். வசந்தி கண்ணாடிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "ஏண்டி, இந்த வெயில்ல நிக்கிறாங்களே, ஒரு வாய் தண்ணி குடுத்தா என்ன?"

நான் எந்த ஊர்க்காரி என்பதை இங்கே சொல்ல வேண்டும். திருச்சியில் கோடை வந்தால் முக்குக்கு முக்கு தண்ணீர்ப்பந்தல். எல்லாக் கட்சியும் போடும். பானையைவிடத் தலைவர் படம் பெரிதாக இருக்கும். நான் ஆளுங்கட்சிப் பந்தலில் மோர் குடித்துவிட்டு, பத்தடி தள்ளி எதிர்க்கட்சிப் பந்தலில் தர்ப்பூசணி தின்றிருக்கிறேன். குடித்தவர்கள் எல்லாம் கட்சி மாறிவிட்டதாக அங்கே ஒருவரும் எழுதுவதில்லை. கொடுப்பவரும் கேட்பதில்லை, குடிப்பவரும் கேட்பதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் என்பது எங்களுக்கு அரசியலில் சேராத சமாச்சாரம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வசந்தி கண்ணை வெளியிலிருந்து எடுக்கவில்லை. "வன்னியில சனம் செத்துக்கொண்டிருக்கேக்க நாங்களும் உந்த டவுன்டவுன் ரோட்டில நிண்டனாங்கள். ஒரு கடைக்காரன் எங்களைத் தன்ர வாஷ்ரூமுக்குப் போக விட்டவன். வேறை ஒண்டும் செய்யேல்லை, கதைக்கவும் இல்லை. அவன்ர முகம் இண்டைக்கும் எனக்கு ஞாபகம்," என்றாள்.

"அப்புறம் என்ன? ஓர்லியை ஒரு வார்த்தை கேக்கணுமா?"

"தண்ணிதானே," என்றாள் வசந்தி.

பத்து நிமிடத்தில் வெள்ளை வாளி நிறைய எலுமிச்சைத் தண்ணீர். சர்க்கரை, உப்பு, கசக்கிய புதினா, ஐஸ். வாளியை அவள் தூக்கினாள். கப்புகளை அலமாரியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டு நான் போனேன். கடையில் இருந்தது ஒரே வகைக் கப். அதைச் சுற்றிப் பச்சை எழுத்தில் கடையின் பெயர், பக்கத்தில் ஒரு சின்னக் காலிஃபிளவர் படம். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. தலைவர் படம் போட்ட பந்தலில் குடித்துப் பழகிய கண்.

முதலில் யாரும் கை நீட்டவில்லை. வசந்தி நேரே பெரியவரிடம் போனாள். அவர் அவள் முகத்தையும் ஏப்ரனையும் பார்த்தார். பிறகு வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு அரபியில் ஏதோ சொன்னார். 'உங்கள் கைகள் நலமாக இருக்கட்டும்' என்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அதன் பிறகு ஏழெட்டுப் பேர் வாங்கிக் குடித்தார்கள். மெகாஃபோன் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள், ஆனால் தடுக்கவில்லை. யாரோ போனைத் தூக்கிப் பிடித்ததும் கண்ணில் பட்டது. இந்த ஊரில் எல்லோரும் எப்போதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சாயங்காலம் வசந்தியோடு ஏரிக்கரையில் நடந்தேன். மனசு நிறைந்திருந்தது. ஊருக்குப் போவதற்குள் மத்தியக் கிழக்கையே சரிசெய்துவிட்டுப் போகிறவள் மாதிரி ஒரு மிதப்பு. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு காலை ஆரணி போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அம்மா, உங்கட ஃபோட்டோ எல்லா இடமும் போகுது. லைக், எல்லா இடமும்." படத்தில் பெரியவர் கப்பை வாயருகே பிடித்திருந்தார். கடையின் பெயர் கேமராவைப் பார்த்தபடி பளிச்சென்று இருந்தது. பின்னால் வாளியோடு வசந்தி. புறக்கணிக்கச் சொல்லிவிட்டு அதே கடையில் குடிக்கிறார்கள் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு கப் ஜூஸுக்கு விலைபோனவர் என்று பெரியவரின் ஆட்களிலேயே ஒருவர். கடையை மூடச் சொல்கிறவர்களுக்கே விருந்து வைக்கும் கடைக்கு இனி வரமாட்டோம் என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர். ஒரு கப் தண்ணீரால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குத்தமுடியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எங்கே அந்தப் படத்தில் என்று தேடினேன். கப்புகளை நீட்டிய என் கை மட்டும் ஓர் ஓரத்தில், வளையலோடு.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போகாமல் வசந்தியோடு கடைக்குப் போனேன். ஓர்லி மேசையில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. எங்களையும் உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அந்தப் பெரியவரோடு ஆறு வாரமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே யாருக்கும் தெரியாது, உனக்கும் சொல்லவில்லை. காஸாவில் அவர் தங்கையும் தங்கையின் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்த அட்டையில் இருப்பது அவர்கள் பெயர்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். உன் ஆட்களுக்கு வைத்த மாதிரி என் ஆட்களுக்கும் உன் வாசலில் ஒரு மெழுகுவர்த்தி வை. முதல் வாரம் என்னால் முடியாது என்றேன். போன வாரம் சரி என்றேன். நாளைக்கு மாலை நானும் அவரும் சேர்ந்து ஏற்றுவதாக இருந்தோம். தன் கூட்டத்தாரிடம் பேசிப் பாதிப் பேரைச் சம்மதிக்க வைத்திருந்தார். இப்போது அவர் பேச்சை அங்கே யாரும் கேட்பதில்லை. ஜூஸுக்கு விலைபோனவர் என்கிறார்கள். நேற்று அழைத்து, இனிமேல் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்."

"நீ மட்டும் மெழுகுவர்த்தி வைக்கலாமே," என்று நான் கேட்டேன். கேட்டதே தப்பு.

"இப்போது வைத்தால் அதுவும் விளம்பரம் என்பார்கள். அந்தக் கப் மாதிரி." பிறகு வசந்தியைப் பார்த்து, "என்னிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? யார் யோசனை இது?" என்றாள்.

என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கோ திருச்சியிலிருந்து வந்த விருந்தாளி ஒருத்தி, கடையும் தெரியாமல் சண்டையும் தெரியாமல், ஒரு மத்தியானம் போகிறபோக்கில் சொன்னது என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு கணத் தயக்கத்தில் வசந்தி முந்திக்கொண்டாள். "நான்தான். வெயிலா இருந்தது, குடுத்தன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஓர்லி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை எதிர் நடைபாதையில் இருநூறு பேர். இந்தப் பக்கம் வேறு கொடிகளோடு இன்னொரு கூட்டம். நடுவில் போலீஸ். மடக்கு நாற்காலி இருந்த இடத்தில் பெரியவர் இல்லை. நானும் போகவில்லைதான், ஆரணி போனில் காட்டினாள். வசந்தி மாலையில் வீட்டுக்கு வந்து நேரே போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கண்ணாடியில் யாரோ முட்டை அடித்துவிட்டார்களாம். எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரியவில்லை. முட்டையே உள்ளே வராத கடையில் முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கும்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

திங்கட்கிழமை ஓர்லி கடையை மூடினாள். 'தற்காலிகமாக' என்று ஒரு தாள் ஒட்டினாள். ஆனால் வசந்தியின் கத்தியையும் கரண்டியையும் அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டாள். உன் மேல் கோபமில்லை, எனக்குத் தெம்பில்லை என்றாளாம். பதினொரு வருடமாகத் தினமும் கட்டியணைத்து வழியனுப்பியவள் அன்றைக்குக் கைகுலுக்கினாள் என்று வசந்தி சொன்னாள். வேலை போனதைச் சொன்னபோது நிதானமாக இருந்தவள் இதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் அவளுக்கு மல்வேர்ன் பக்கம் ஒரு சமோசா ஃபக்டரியில் வேலை கிடைத்தது. விடிகாலை பஸ். தலைக்கு வலை, வாய்க்கு மூடி, கைக்கு உறை. பெல்ட்டில் ஓடிவரும் மாவை மடிக்க வேண்டும். உள்ளே வைக்கும் கறி வேறெங்கோ செய்து வாளியில் வருமாம். வசந்திக்கு அடுப்பே கிடையாது.

எனக்கு வழிக்குக் கட்டித் தர இடியப்பம் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நீ உதை எழுதுவாய் எண்டு எனக்குத் தெரியும். எழுதினா, தண்ணி குடுக்கிறது என்ர யோசனை எண்டு எழுது."

"எதுக்குடி? நான்தானே சொன்னேன்."

"நீ சொல்லாட்டியும் குடுத்திருப்பன்."

கோடை தொடங்கியதிலிருந்து எத்தனை சனிக்கிழமை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் இவள். நான் வந்த சனிக்கிழமைதான் வெளியே போனாள். அதை நான் சொல்லவில்லை. அவள் இடியப்ப உரலைத் திருகிக்கொண்டே பேசினாள். "வேலை போனது போகட்டும். என்ர கையால செய்து, என்ர பிழையில போனது எண்டா என்னால தாங்கேலும். ஆரோ சொல்லிக் கேட்டுப் போனது எண்டா ஏலாது. விளங்குதோ?"

விளங்கியது. சரி என்றும் சொன்னேன். திருச்சிக்கு வந்து இரண்டு முறை அவள் சொன்னபடியே எழுதிப் பார்த்தேன். அதில் நான் வெறுமே காலிஃபிளவர் தின்றுவிட்டு வேடிக்கை பார்த்த நல்லவளாக இருந்தேன். கிழித்துப் போட்டேன்.

வசந்தி கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். யோசனை என்னுடையது, கப்புகளை எடுத்துக் கொடுத்த கையும் என்னுடையது. அந்தத் திங்கட்கிழமை மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது இங்கே எழுதி வைக்கிறேன். ஓர்லிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.